பல் பட்ட ஈயம்

ஊத்துப்பள்ளத்தில் துப்பாக்கி இல்லாத வீடு எது என்று யாராவது கேட்டால் கோழிக்கூட்டைத்தான் காட்ட வேண்டும். மற்ற எல்லா வீட்டிலும், கூரை ஓலைக்குள்ளோ ராகிக் குதிருக்குள்ளோ மாட்டுத் தொட்டிக்கு அடியிலோ, ஒரு நாட்டுத் துப்பாக்கி கந்தல் துணி சுற்றிப் படுத்திருந்தது, குழாயின் வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டித்து, பின்னால் கேப்பு என்கிற பொட்டுவெடியை மாட்டி அதன்மேல் சுத்தி தட்டினால் வெடிக்கிற பழைய ரகம், லைசென்ஸ் என்ற பேச்சை அந்த மலை காதால் கேட்டதே இல்லை. அப்படிப்பட்ட ஊருக்கு ஒருநாள் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஏறி வந்து, கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஊர்ப் புளியமரத்தடியில் கொண்டுவந்து போட்டுவிட்டால் யார் பேரிலும் கேஸ் கிடையாது, போடாமல் பிடிபட்டால் ஜெயில்தான் என்று சொல்லிவிட்டுப் போனது. ஜனம் யோசித்தது, முணுமுணுத்தது, கடைசியில் போட்டது. விடிந்து பார்த்தால் புளியமரத்தடியில் விறகு அடுக்கினாற்போல் துப்பாக்கிகள் கிடந்தன, அவற்றுக்கு நடுவில் துப்பாக்கி அல்லாத ஒன்றும் கிடந்தது.

அது ஒரு கம்பி. இரண்டு முழ நீளம், ஒரு முனையில் இரண்டு கையாலும் பிடித்துத் திருக வாகாக மரக் குறுக்குப்பிடி, மறு முனைக்குச் சற்று மேலே கழுத்தில் போட்டாற்போல் ஒரு பித்தளை வளையம், வளையத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத வெளிதேசத்து எழுத்து. மறு முனையின் நுனி ஒடிந்திருந்தது. நுனி இருந்திருந்தால் எவனாவது சொல்லியிருப்பான், இல்லாததால் ஆளுக்கொன்று சொன்னார்கள். போலீஸ்காரர் ஒருவர் அடிபம்புக் கம்பி என்றார். பள்ளிக்கூடத்து சார் அது வெள்ளைக்கார துரைமார் சாராய பாட்டில் தக்கையைப் பிடுங்குவது என்றார், அந்த நீளத்துக்கு எத்தனை பெரிய பாட்டில் என்று கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டு வைத்தியம் பார்க்கிறவர் கன்று குறுக்கே நின்றால் இழுக்கிற கருவி என்று சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் காறித் துப்பினார்கள். இன்ஸ்பெக்டரோ, "துப்பாக்கி மட்டும்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க, இந்தப் பழைய இரும்பையெல்லாம் கொண்டுபோய் நான் என்ன பேரிச்சம்பழமா வாங்கறது?" என்று தூக்கிப் போட்டுவிட்டு ஜீப்பை இறக்கத்தில் விட்டார்.

கேட்பாரற்ற இரும்பை வீட்டுக்கு எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. ஊர்க்கவுண்டர் மாரப்பன்தான் அதைக் கழுவி, மஞ்சள் தடவி, முனியப்பன் கோயிலில் வேல்களுக்கு நடுவே நட்டு, எலுமிச்சம்பழம் குத்தப் பார்த்தார். நுனி மொண்ணை, பழம் ஏறவில்லை. அப்படியே கட்டிவிட்டார். மறுநாள் காலையிலிருந்து குண்டுகள் வீடு திரும்ப ஆரம்பித்தன.

அது அந்த ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குப் புரியாது. ஊத்துப்பள்ளத்தில் துப்பாக்கி ஆம்பளையுடையது, குண்டு பொம்பளையுடையது. வேட்டைக்குக் கிளம்பும் காலையில் ஈயக் குண்டை வீட்டுக்காரி கையில் வாங்கி, முன்பல்லால் அழுந்தக் கடித்து, தடம் விழுந்த பிறகு தன் கையாலேயே குழாய்க்குள் போட்டு, குழாயின் வாயில் வாய் வைத்து, "போய்ட்டு வீட்டுக்கு வா" என்று சொல்லி அனுப்ப வேண்டும். பல் பட்ட குண்டுக்கு வீடு தெரியும், வீடு தெரிந்த குண்டு கறியோடு வரும் என்பது கணக்கு. கறி வந்துவிட்டால் முதல் துண்டைப் பல் வைத்தவளே தேக்கிலையில் வைப்பாள், சுட்டவன் அதைத் தின்னாமல் இலை முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது. தின்னாமல் எழுந்த ஒருத்தன் கதை உண்டு, அது இப்போது வேண்டாம், கேட்டால் சோறு இறங்காது. ஆக, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வா வா என்று கூப்பிட்டு அனுப்பியது கறியை அல்ல, குண்டைத்தான். கூப்பிட்டால் வந்துதானே ஆக வேண்டும்.

முதல் குண்டு குள்ளம்மா வீட்டுக்கு வந்தது. அவள் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருக்கையில் மேட்டிலிருந்து கடகடவென்று ஏதோ உருண்டு வந்து அவள் முறத்தில் ஏறி உட்கார்ந்தது, எடுத்துப் பார்த்தால் அவள் பல் தடம், அவளுக்கு முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் குண்டில் நாலு வெள்ளை ரோமம் ஒட்டியிருந்தது. காட்டுப்பன்றி ரோமம் அல்ல, ஆட்டு ரோமம், அதுவும் போன தீபாவளிக்குச் சிறுத்தை அடித்துக்கொண்டு போனதாக அவள் புருஷன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுத அவளுடைய சொந்த வெள்ளாட்டின் ரோமம். அன்றைக்குக் குள்ளம்மா வீட்டில் அகப்பைதான் பேசியது.

பிறகு எல்லா வீட்டுக்கும் வந்தன. பால் கறக்கும் நேரத்திலும் களி கிண்டும் நேரத்திலும் வந்தன, ஏற்றத்தில் உருண்டு ஏறின, ஓடையைத் தாண்டி ஈரத்தோடு வந்தன, கதவு சாத்தியிருந்தால் நிலைப்படியில் வந்து தட்டிக்கொண்டே இருந்தன, திறந்தால் நேராகப் பல் வைத்தவளின் காலடிக்குப் போய் நின்றன. ஒவ்வொன்றும் எதற்குள் இத்தனை காலம் இருந்ததோ அதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தது. பன்றி முடி, மிளா மான் எலும்பு, மரப்பட்டை, பாறைத் துகள். கரடியை நெஞ்சில் சுட்டேன் என்று பத்து ஊருக்குப் பெருமை பேசியவன் வீட்டுக்கு வேங்கை மரப்பட்டையோடு குண்டு வந்தபோது ஊரே சிரித்தது. கோயில் மணிப் பித்தளையோடு ஒரு வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. தொடையில் பழைய குண்டோடு நொண்டிக்கொண்டிருந்த கரியன் ஒருநாள் குத்துக்கல்லில் உட்கார்ந்திருக்கையில் தொடை தானாகப் பிளந்து குண்டு வெளியே வந்து அவன் அண்ணன் பெண்டாட்டியைத் தேடிப் போனது. வேட்டையில் தவறிப் பட்டது, யார் குண்டோ தெரியாது என்று சொல்லி வந்த அண்ணன் அன்றே ஊரை விட்டுப் போனான்.

ஜனம் எதற்கும் பழகிக்கொள்ளும். பெண்கள் வந்த குண்டுகளைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்கள், சிலர் உருக்கி ஓடைமீன் வலைக்கு எடைமணி ஊற்றினார்கள், "என்னடி, உனக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று ஊற்றடியில் விசாரித்துக்கொண்டார்கள். ஆனால் ஆண்கள் வாய் மூடிப்போனார்கள். கல் உருண்டால் திடுக்கிட்டார்கள். வாசலில் யாராவது தட்டினால் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தார்கள். சிரித்த பெண்களும் உள்ளுக்குள் பயந்துதான் இருந்தார்கள், ஏனென்றால் ஒவ்வொருத்தியும் கடித்து அனுப்பிய குண்டுகளில் எங்கே போனது என்று தெரியாத ஒன்றாவது இருந்தது.

பூங்காவனத்துக்கு அப்படி ஒன்றே ஒன்று இருந்தது.

அவள் தம்பி சென்னப்பன் காணாமல் போன வருஷத்துப் பங்குனி வேட்டைக் குண்டு அது. அந்தக் காலையில் அவள் கடித்த ஈயத்தில் ஏதோ கசடு இருந்து, பல் நங்கென்று இடித்து, முன்பல்லின் மூலை உடைந்து ஈயத்துக்குள்ளேயே பதிந்துபோனது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, பல்லோடு போகிற குண்டு பெரிய மிருகத்தோடு வரும் என்று சிரித்துக்கொண்டே குழாயில் போட்டாள். புருஷன் தீர்த்தகிரி தோளில் துப்பாக்கியோடும், தம்பி அவள் வாங்கிக்கொடுத்த கிளிப்பச்சைச் சட்டையோடும் போனார்கள். தீர்த்தகிரி மட்டும் வந்தான். குண்டு மரத்தில் பட்டு வீணாகிவிட்டது என்றான், மச்சினன் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று அந்த வழியாகவே இறங்கிப் போய்விட்டான் என்றான். சொல்லாமல் போய்விட்டானே பாவி என்று அவள் திட்டினாள், அழுதாள், பிறகு காத்திருந்தாள். ஒவ்வொரு ஆடிப் பண்டிகைக்கும் தம்பிக்கு ஒரு இலை போட்டு, கறியும் களியும் வைத்து, களி ஆறிக் கட்டியாகும்வரை வழி பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து இலையில் தீர்த்தகிரி சாப்பிடுவான்.

கெட்டவன் இல்லை அவன். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், அவளுக்குக் காய்ச்சல் என்றால் மலை இறங்கி மருந்து வாங்கி வருவான். உடைந்த பல்லை வைத்து ஊரே அவளைக் கேலி செய்தபோதும் அவன் ஒருநாளும் அந்தப் பல்லைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதைப் பாசம் என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்போது அவன் வாசலை விட்டு நகர்வதில்லை. அவளுக்கு வருகிற குண்டு எதுவானாலும் முதலில் பாய்ந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகு மூச்சு விட்டு அவளிடம் கொடுத்தான். சாக்கடைப் பொந்தை மண் வைத்து அடைத்தான். சுவரில் எலி போன ஓட்டைகளை அடைத்தான்.

"எதுக்கு மாமா இத்தனை அடைப்பு? அடைச்சா வராம போயிடுமா?" என்றாள்.

"பாம்பு வரும்" என்றான்.

பாம்பு இத்தனை வருஷமாக வரவில்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று இருந்தது. அடுப்பை ஊதும்போதும், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும், தலை வாரும்போதும் அவள் உதடு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: மரப்பட்டையோட வா, மரப்பட்டையோட வா, வேங்கையோ தேக்கோ எட்டியோ எந்த மரமா இருந்தாலும் சரி, மரப்பட்டையோட வா.

தீர்த்தகிரி ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னான். அந்தக் கம்பி கோயிலில் நட்டதிலிருந்துதான் இந்த ரகளை எல்லாம், அதைப் பிடுங்கி அருவியில் போட்டுவிட வேண்டும் என்றான். ஆண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள், அத்தனை ஒற்றுமையை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

"அது என்னன்னே தெரியாம எப்படித் தூக்கிப் போடறது?" என்றார் மாரப்பக் கவுண்டர் தயங்கி. "சாமிகிட்ட வெச்சது."

"என்னவா இருந்தா என்னங்க? போட்டுடலாம்" என்றான் தீர்த்தகிரி. அவன் குரல் கீச்சென்று போனது.

குள்ளம்மா எழுந்து நின்றாள். "ஆட்டைத் தின்னவனுக்குத்தான் ஏப்பம் பயம். எங்க குண்டு எங்ககிட்ட வருது, உங்களுக்கு ஏன்யா வேர்க்குது? கம்பியில எவனாவது கை வெச்சா அந்தக் கையை வெச்சுக் களி திங்க மாட்டான், சொல்லிட்டேன்." அதற்குப் பிறகு பெண்கள் முறை போட்டுக்கொண்டு கோயிலில் உட்கார்ந்து புளி உடைத்தார்கள். பூங்காவனமும் தன் முறைக்குப் போய், அந்தக் கம்பியைப் பார்க்காமல் முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

வருகிற குண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்தில் இருந்தவை முதலில், தூரத்தில் இருந்தவை பின்னால், ஆழத்தில் இருந்தவை எல்லாவற்றுக்கும் பின்னால். சில நாள் ஒன்றும் வரவில்லை. தீர்த்தகிரி ஒருநாள் வயிறாரச் சாப்பிட்டான், அன்று மாட்டைக் கூட மேய்ச்சலுக்கு ஓட்டினான். பூங்காவனத்துக்கும் நெஞ்சு லேசானது. வராது, ஏதோ பாறைச் சந்தில் விழுந்து போயிருக்கும், தம்பி குடகில்தான் இருக்கிறான், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான், கடிதாசி போடத் தெரியாத கழுதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள்.

குடம் நிறைந்து அவள் நிமிர்ந்தபோது கீழேயிருந்து, நரிப்பாறை பக்கத்து ஒற்றையடிப் பாதையில், அது ஏறி வந்தது. மற்றவை போல் கடகடவென்று வரவில்லை. மெதுவாக, நடை தெரியாத குழந்தை போல், உருண்டு நின்று உருண்டு நின்று வந்தது, மண் அப்பியிருந்தது, வந்து அவள் கால் பெருவிரலில் முட்டி நின்றது. ஐயோ வேண்டாம் என்றாள் வாய்விட்டு. குடத்தை வைத்துவிட்டுக் குனிந்து எடுத்து, ஊற்றுத் தண்ணீரிலேயே கழுவினாள்.

மரப்பட்டை இல்லை. அவளுடைய பல்லின் மூலை பால் வெள்ளையாக ஈயத்தில் பதிந்திருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நாலைந்து நூல் இழை, எத்தனை வருஷ மண்ணுக்கும் நிறம் போகாத கிளிப்பச்சை. இன்னொன்றும் இருந்தது, குண்டின் நடு உச்சியில் ஈயத்துக்குள் திருகித் துளைத்து இறங்கி அங்கேயே ஒடிந்து நின்ற ஒரு இரும்பு நுனி, புரி புரியாக மரை விழுந்த நுனி.

அழுகை வரவில்லை அவளுக்கு. குடத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள். புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவள் வந்த வரவைப் பார்த்து விலகினார்கள். கம்பியைப் பிடுங்கி, மஞ்சளைத் துடைத்து, ஒடிந்த முனையைக் குண்டிலிருந்த நுனிமேல் வைத்தாள். ஒட்டுக்கு ஒட்டு பொருந்தியது. போலீஸும் சாரும் மாட்டு வைத்தியரும் ஊரும் சொல்லத் தெரியாமல் விழித்த பொருள் அவள் கையில் முழுசாக நின்றது.

"என்னடி அது?" என்றாள் குள்ளம்மா குரல் தாழ்த்தி.

"வெடிக்காம குழாய்க்குள்ள அடைச்சுக்கிட்ட குண்டைத் திருகி வெளிய உருவறது" என்றாள் பூங்காவனம். "என் குண்டை யாரோ உருவிக்கிட்டு இருந்திருக்காங்க. குழாய்க்கு நேரா நின்னு."

யாரோ என்று சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. குள்ளம்மா பச்சை நூலைப் பார்த்தாள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் தீர்த்தகிரி மேய்ச்சலிலிருந்து வந்து, கை கால் கழுவி, பசிக்குது என்று உட்கார்ந்தான். பூங்காவனம் கொல்லைக்குப் போய்த் தேக்கிலை பறித்து வந்து அவன் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். என்றைக்கும் வட்டிலில் சாப்பிடுகிறவன், எதற்கு இலை என்று நிமிர்ந்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, குண்டை எடுத்து, இலையின் நடுவில் வைத்தாள். கம்பியை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"வேட்டைக் கறி வந்துருச்சு மாமா. சுட்டவனுக்கு முதல் துண்டு."

அவன் இலையைப் பார்த்தான். எழுந்திருக்கப் போனவன் எழவில்லை, எழ முடியவில்லை, பிட்டம் தரையில் ஊன்றியது ஊன்றியபடி இருந்தது. வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள், உள்ளே வரவில்லை.

"நான் சுடல" என்றான். அவள் குனிந்து கம்பியை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். ஏதோ உள்ளிருந்து திருகி இழுபடுகிற மாதிரி அவன் முகம் கோணியது, பிறகு வார்த்தை வந்தது.

"வெடிக்கல. பன்னி எதிர்ல நிக்குது, கேப்பு மேல சுத்தி தட்டுது, வெடிக்கல. அவன் மொதநாள்தான் சந்தையில பழைய இரும்புக் கடையில இந்தக் கம்பியை வாங்கியிருந்தான், குடு மாமா நான் உருவித் தரேன்னு பெரிய மேஸ்திரி மாதிரி வாங்கினான். நான் துப்பாக்கிக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டேன், அவன் குழாய்ல கம்பியை விட்டுத் திருகினான். திருகிக்கிட்டே கேட்டான், கேப்பைக் கழட்டிட்டியா மாமான்னு."

வாசலில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"கழட்டிட்டேன்னு சொன்னேன். பார்க்கல பூங்காவனம். பார்க்காம சொன்னேன். கேப்பு இருந்துச்சு, அவன் திருகும்போதே வெடிச்சிருச்சு."

அவன் கொலைகாரனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், அரிவாளைத் தேடியிருப்பாள். ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கச் சோம்பல்பட்டவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போயிடுவ. அவனைப் பாறைக்கு அடியில வெச்சு மூடினேன். கம்பியைக் கூரை எரவாணத்துல செருகி வெச்சேன். துப்பாக்கியோட துப்பாக்கியா போலீஸ் எடுத்துட்டுப் போயிடும்னுதான் போட்டேன்."

"வருஷா வருஷம் அவனுக்கு எலை போட்டேன்" என்றாள் அவள். "வருவான் வருவான்னு உக்காந்திருந்தேன். நீ பக்கத்து எலையில உக்காந்து தின்ன. நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாந்தரம் வாங்கித் தின்ன."

அவன் குண்டை எடுத்தான், கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனான். அவன் உதட்டில் முதலில் பட்டது ஈயம் இல்லை, அவளுடைய பல். சிலிர்த்து மறுபடி இலையிலேயே போட்டுவிட்டான்.

"என்னால முடியல. எந்திரிக்கவும் முடியல. என்ன பண்ணச் சொல்ற?"

பூங்காவனம் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக் குள்ளம்மாவிடம் கொடுத்தாள். குனிந்து, இலையிலிருந்து குண்டைத் தன் கையாலேயே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எடுத்ததும் அவன் உடம்பு தளர்ந்து முன்னால் சாய்ந்தது, தரை அவனை விட்டுவிட்டது.

"எந்திரி" என்றாள். "எந்தப் பாறைன்னு காட்டு. அவனை வீட்டுக்குக் கொண்டாந்து வெச்சப்புறம் நீ வந்து இந்த எலை முன்னாடியே உக்காரணும்."

அவன் எழுந்து முன்னால் நடந்தான். அவள் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள், அவளுக்குப் பின்னால் மண்வெட்டியோடும் கூடையோடும் ஊர்ப் பெண்கள் நரிப்பாறை இறக்கத்தில் வரிசையாக இறங்கினார்கள். வீட்டில் தேக்கிலை விரித்தபடி கிடந்தது, கோழி ஒன்று உள்ளே வந்து அதைச் சுற்றிப்போனது, யாரும் அதை எடுத்துப் போடவில்லை.